மாரடைப்பு சிகிச்சை: தமிழ்நாட்டு ஆய்வு சொல்வது என்ன?

மாரடைப்பு வந்த ஒருவரின் உயிரைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்பது மருத்துவ உலகிற்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்கும் மருந்து 1980களிலேயே பெரிய அளவில் சோதித்து நிரூபிக்கப்பட்டுவிட்டது. பலூன் கொண்டு அடைப்பை நீக்கும் முறை 1977ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது.

ஆனால், அந்த சிகிச்சை உரிய நேரத்தில் உரியவருக்குக் கிடைப்பதற்கு என்ன வழி என்ற கேள்விக்கு விடை காண்பது அத்தனை எளிதாக இருக்கவில்லை. நோயாளி இருப்பது ஒரு சிற்றூரில். பலூன் சிகிச்சைக்கான கூடம் இருப்பது பெருநகரில். இடையில் பல கிலோமீட்டர் சாலையும், சிகிச்சைக்கு ஆகும் செலவும், முடிவெடுக்கத் தயங்கும் குடும்பமும் இருக்கின்றன.

இந்த இடைவெளியையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட ஒரு பெரிய மருத்துவ ஆய்வு 2012ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை தமிழ்நாட்டில் நடைபெற்றது. புதிய மருந்து எதையும் அது சோதிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ்களையும் அரசுக் காப்பீட்டையும் ஒரே வலைப்பின்னலாக இணைத்தால் உயிரிழப்பு குறையுமா என்பதையே அது ஆராய்ந்தது. அதன் முடிவுகளும், அது விடை காணாமல் விட்ட பகுதியும், யாழ்ப்பாணம் முதல் யாங்கோன் வரை வாழும் தமிழர்கள் அனைவருக்கும் பொருந்தக்கூடியவை.

இதயத்தில் நிகழ்வது என்ன?

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிவுகள் சேர்கின்றன. ஒரு நாள் அந்தப் படிவின் மேற்பரப்பில் வெடிப்பு ஏற்படுகிறது. உடல் அதை ஒரு காயமாகக் கருதி, அவ்விடத்தில் இரத்தத்தை உறையச் செய்கிறது. அவ்வாறு உருவாகும் இரத்தக் கட்டி குழாயை முழுவதுமாக அடைத்துவிட்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் இதயத் தசைக்குப் பிராணவாயு செல்வது நின்றுவிடுகிறது.

தசை உடனே இறந்துவிடுவதில்லை. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் தொடங்கும் அழிவு, உள்பகுதியிலிருந்து வெளிப்பகுதியை நோக்கிச் சில மணி நேரங்களில் பரவுகிறது. இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை. அங்கு தழும்பு மட்டுமே உருவாகிறது. நோயாளி பிழைத்துக்கொண்டாலும், வலுவிழந்த இதயத்துடன் அவர் வாழ வேண்டியிருக்கும். மாடியேறினால் மூச்சிரைப்பதும், கால்கள் வீங்குவதும், மீண்டும் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதும் அதன் விளைவுகள். ஆகவே மாரடைப்பு சிகிச்சையின் பலனை மருத்துவமனையில் இருக்கும் சில நாட்களைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. ஓராண்டுக்குப் பின் அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

நோயைக் கண்டறிதல்

மாரடைப்பைக் கண்டறிவதில் இன்றும் முதலிடம் வகிப்பது இ.சி.ஜி. எனப்படும் இதய மின்னலை வரைபடமே. இந்தக் கருவியை உருவாக்கியதற்காக நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவனுக்கு 1924ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அதன் இடத்தை வேறெந்தக் கருவியும் பிடிக்கவில்லை.

குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்தால், அந்த வரைபடத்தில் 'எஸ்.டி.' என்று குறிக்கப்படும் பகுதி பெரும்பாலும் வழக்கத்தை விட உயர்ந்து காணப்படும். இவ்வகை மாரடைப்பை மருத்துவர்கள் 'ஸ்டெமி' என்று சுருக்கமாக அழைக்கின்றனர். குழாயை உடனடியாகத் திறக்க வேண்டிய வகை இது. 'எஸ்.டி.' பகுதி உயராத பிற மாரடைப்புகளும் ஆபத்தானவையே. ஆயினும் அவற்றிற்கான சிகிச்சை முறையும் அவசர அளவும் வேறுபடுகின்றன.

இதயத் தசை சேதமடையும்போது இரத்தத்தில் கலக்கும் 'ட்ரோபோனின்' என்ற புரதத்தை அளவிடும் பரிசோதனையும் இப்போது பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் அதன் அளவு உயரச் சிறிது நேரம் பிடிக்கும். வரைபடம் தெளிவாக இருக்கும்போது இரத்தப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது என்றும், நெஞ்சு வலியுடன் வரும் ஒருவருக்குப் பத்து நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும் என்றும் சர்வதேச வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன.

மருந்தா, பலூனா?

இரத்தக் கட்டியைக் கரைக்கும் 'ஸ்ட்ரெப்டோகைனேஸ்' என்ற மருந்து, தொண்டை அழற்சியை உண்டாக்கும் ஒரு வகைப் பாக்டீரியாவிலிருந்து பெறப்படுவது. இத்தாலியில் ஏறத்தாழ 11,800 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1986ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, இம்மருந்து உயிரிழப்பை 13 சதவீதத்திலிருந்து 10.7 சதவீதமாகக் குறைத்ததாகக் காட்டியது. நோய் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திற்குள் மருந்து பெற்றவர்களிடம் உயிரிழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆறு மணி நேரத்திற்குப் பின் மருந்து பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 17,187 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட மற்றொரு சர்வதேச ஆய்வு வெளியானது. சாதாரண ஆஸ்பிரின் மாத்திரை மட்டுமே இரத்த நாளக் கோளாறுகளால் ஏற்படும் மரணங்களை 23 சதவீதம் குறைப்பதாகவும், ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்தால் 42 சதவீதம் குறைவதாகவும் அது தெரிவித்தது.

பலூன் மூலம் அடைப்பை நீக்கி, 'ஸ்டென்ட்' என்ற உலோக வலைக் குழலைப் பொருத்தும் ஆஞ்சியோபிளாஸ்டி முறை மருந்தை விடச் சிறந்தது என்பது பின்னர் நிறுவப்பட்டது. 23 ஆய்வுகளைத் தொகுத்து 2003ஆம் ஆண்டு வெளியான ஒரு பகுப்பாய்வில், மருந்து பெற்றவர்களில் 9 சதவீதத்தினரும், ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்களில் 7 சதவீதத்தினரும் குறுகிய காலத்தில் உயிரிழந்திருந்தனர்.

ஆனால் இந்த மேன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆஞ்சியோபிளாஸ்டி விரைவாக, அதாவது மாரடைப்பு என்று உறுதியான இரண்டு மணி நேரத்திற்குள் செய்யப்பட வேண்டும். அதற்கான கூடமும், இரவும் பகலும் தயாராக இருக்கும் மருத்துவக் குழுவும் தேவை. வளரும் நாடுகளின் கிராமப்புறங்களில் இது பெரும்பாலும் நடைமுறைக்கு ஒவ்வாதது.

இதற்கு மாற்றாக உருவானதே இரண்டையும் இணைக்கும் முறை. அருகில் உள்ள சிறிய மருத்துவமனையிலேயே கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றி, பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் ஆஞ்சியோகிராம் எடுத்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் பொருத்துவது என்பது இம்முறை. கனடாவில் 1,059 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மருந்து கொடுத்த பின் விரைவாக இடமாற்றப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கே மரணம், மறு மாரடைப்பு போன்ற பாதிப்புகள் நேர்ந்தன. வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களிடம் இது 17.2 சதவீதமாக இருந்தது. ஆஞ்சியோபிளாஸ்டியை ஒரு மணி நேரத்திற்குள் பெற முடியாத 1,892 பேரிடம் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டு வெளியான 'ஸ்ட்ரீம்' என்ற ஆய்வும், மருந்துடன் தொடங்கும் இம்முறை நேரடி ஆஞ்சியோபிளாஸ்டிக்கு ஏறத்தாழ ஈடானது என்று காட்டியது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து மருந்தில் சற்று அதிகம் என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது.

இந்தியப் பதிவேடு காட்டிய ஏற்றத்தாழ்வு

மேற்கூறிய ஆய்வுகளில் பெரும்பாலானவை வசதி மிக்க நாடுகளில் நடந்தவை. இந்தியாவின் நிலை என்ன என்பதை 2008ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியான 'கிரியேட்' என்ற பதிவேட்டு ஆய்வு எடுத்துரைத்தது. இந்தியாவின் 50 நகரங்களைச் சேர்ந்த 89 மருத்துவமனைகளில் 20,937 நோயாளிகளின் விவரங்கள் இதற்காகத் திரட்டப்பட்டன.

நோயாளிகளில் பாதிப் பேர் மருத்துவமனையை வந்தடைய ஆறு மணி நேரம் அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தனர். மருத்துவமனைக்கு வந்த பின் மருந்து செலுத்த ஆன இடைநிலை நேரமோ 50 நிமிடங்கள்தான். அதாவது, தாமதத்தின் பெரும்பகுதி மருத்துவமனை வாசலுக்கு வெளியே நிகழ்ந்திருந்தது. 'ஸ்டெமி' வகை நோயாளிகளில் 8 சதவீதத்தினருக்கு மட்டுமே ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டது.

இப்பதிவேட்டின் மற்றொரு கண்டறிவு மேலும் கவனத்திற்குரியது. முப்பது நாட்களில் ஏழை நோயாளிகளில் 8.2 சதவீதத்தினரும், வசதி படைத்தோரில் 5.5 சதவீதத்தினரும் உயிரிழந்திருந்தனர். இரு தரப்பினருக்கும் கிடைத்த சிகிச்சையில் இருந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது இந்த இடைவெளி மறைந்துபோனது. ஏழைகள் அதிகமாக இறந்ததற்கும் அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சை குறைவாக இருந்ததற்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது என்பதே இதன் பொருள்.

தெற்காசியர்களுக்கு மாரடைப்பு பிறரை விட இளம் வயதிலேயே வருகிறது என்பதும் நிரூபிக்கப்பட்ட ஒன்று. 52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் அடிப்படையில் 2007ஆம் ஆண்டு வெளியான கட்டுரை, முதல் மாரடைப்பின் இடைநிலை வயது தெற்காசியாவில் 53 என்றும், பிற நாடுகளில் ஏறத்தாழ 59 என்றும் குறிப்பிட்டது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வருவாய்க்கு ஆதாரமானவர். அவரது இழப்பு ஒரு தலைமுறையின் படிப்பையும் திருமணங்களையும் பாதிக்கக்கூடியது.

தமிழ்நாட்டின் முயற்சி

இத்தகைய பின்னணியில்தான் கோயம்புத்தூரைச் சேர்ந்த இதயநோய் நிபுணர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையைச் சேர்ந்த அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் ஒரு திட்டத்தை வகுத்தனர். கோவை, ஈரோடு பகுதியில் முன்னோட்டமாகச் செய்து பார்க்கப்பட்ட பின்னர், அது மாநிலத்தின் பல பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

நான்கு மைய மருத்துவமனைகளும், அவற்றைச் சுற்றி 35 கிளை மருத்துவமனைகளும் இதில் இணைக்கப்பட்டன. அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் ஒரே வலைப்பின்னலில் இடம்பெற்றன என்பது குறிப்பிடத்தக்கது. கிளை மருத்துவமனையில் எடுக்கப்படும் இ.சி.ஜி. மின்னணு முறையில் மைய மருத்துவமனையின் நிபுணருக்கு அனுப்பப்படும். அவர் வழங்கும் ஆலோசனையின் பேரில் கிளை மருத்துவமனையிலேயே கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தப்படும். பின்னர் நோயாளி ஆஞ்சியோகிராமுக்காக மைய மருத்துவமனைக்கு மாற்றப்படுவார்.

இத்திட்டம் சாத்தியமானதற்கு இரண்டு அரசு ஏற்பாடுகள் முக்கியக் காரணங்களாக அமைந்தன. ஒன்று, 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 108 ஆம்புலன்ஸ் சேவை. மற்றொன்று, குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான அரசின் மருத்துவக் காப்பீடு. 2009இல் ஒரு வடிவிலும், 2012ஆம் ஆண்டு முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற வடிவிலும் செயல்பட்ட இந்தக் காப்பீடு, ஏழை நோயாளிகளுக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொள்ளும் வாய்ப்பை ஏற்படுத்தியது. ஆம்புலன்ஸ் இல்லாமல் நோயாளியை மாற்ற முடியாது; காப்பீடு இல்லாமல் மாற்றுவதில் பயனும் இராது.

முடிவுகள்

ஆய்வின் முடிவுகள் 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'ஜாமா கார்டியாலஜி' மருத்துவ இதழில் வெளியாயின. மொத்தம் 2,420 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டிருந்தனர். வலைப்பின்னல் நடைமுறைக்கு வருவதற்கு முன் சிகிச்சை பெற்ற 898 பேரும், அதன் பின் சிகிச்சை பெற்ற 1,522 பேரும் ஒப்பிடப்பட்டனர். அவர்களது சராசரி வயது 54.7 ஆக இருந்தது.

ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொண்டவர்களின் விகிதம் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாக உயர்ந்தது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்களின் விகிதமும் 30 சதவீதத்திற்குச் சற்றுக் குறைவாக இருந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 46.5 சதவீதமாக உயர்ந்தது.

ஓராண்டு முடிவில் நிலையை அறிய முடிந்தவர்களில், முன்பு 17.6 சதவீதத்தினர் இறந்திருந்தனர். வலைப்பின்னலுக்குப் பின் இது 14.2 சதவீதமாகக் குறைந்தது. நூறு நோயாளிகளுக்கு மூன்று பேருக்குச் சற்று அதிகமானோர் கூடுதலாக உயிர் பிழைத்திருந்தனர். இரு குழுக்களுக்கும் இடையே இருந்த பிற வேறுபாடுகளைச் சரிசெய்து கணக்கிட்ட பின்னரும் இந்தப் பலன் நீடித்தது.

மூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பல்லாயிரக்கணக்கானோர் மாரடைப்புக்கு ஆளாகும் ஒரு மாநிலத்தில், புதிய மருந்து எதுவுமின்றி, இருப்பவற்றை இணைத்ததன் மூலம் மட்டும் கிடைத்த பலன் என்ற வகையில் இது முக்கியத்துவம் பெறுகிறது.

மாறாத எண்கள்

அதே நேரம், இந்த ஆய்வில் மாறாமல் இருந்த எண்களும் கவனத்துடன் பார்க்கப்பட வேண்டியவை.

மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தவர்களின் விகிதம் முன்பு 5.8 சதவீதமாகவும் பின்பு 5.6 சதவீதமாகவும் இருந்தது. இதில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை. மருந்து மூலமோ பலூன் மூலமோ அடைப்பைத் திறக்கும் சிகிச்சை பெற்றவர்களின் விகிதமும் முன்பு 88.5 சதவீதம், பின்பு 90.1 சதவீதம் என்று ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அந்த சிகிச்சையைப் பெற ஆன நேரமும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வலைப்பின்னல் சரிசெய்தது சிகிச்சையின் இரண்டாவது பாதியை. அதாவது, முதல் மருந்து கொடுக்கப்பட்ட பின் நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படாமல், மீதமிருக்கும் அடைப்பும் கண்டறியப்பட்டு நீக்கப்படுவதை அது உறுதி செய்தது. அதன் பலன் உடனடியாகத் தெரியாமல் ஓராண்டு கழித்துத் தெரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். ஆனால் முதல் பாதியை, அதாவது வலி தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தை, அதனால் பெரிதாகக் குறைக்க முடியவில்லை.

ஆய்வின் அமைப்பிலும் ஒரு வரம்பு உண்டு. குலுக்கல் முறையில் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து நடத்தப்படும் ஆய்வுகளே மருத்துவ உலகில் மிகவும் நம்பகமானவையாகக் கருதப்படுகின்றன. இதுவோ முன்னும் பின்னும் ஒப்பிடும் ஆய்வு. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த வேறு மாற்றங்களும் முடிவில் பங்கு வகித்திருக்கக் கூடும். நோயாளிகளில் ஒரு பகுதியினரின் ஓராண்டு நிலை கணக்கில் வரவில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இந்த எச்சரிக்கை தேவையானது என்பதை அண்டை மாநிலமான கேரளத்தின் அனுபவம் காட்டுகிறது. அங்கு 63 மருத்துவமனைகளில் 21,374 நோயாளிகளிடம், சிகிச்சையின் தரத்தை மேம்படுத்தும் நடைமுறைகள் சோதிக்கப்பட்டன. சரிபார்ப்புப் பட்டியல்கள், மருத்துவமனைகளுக்கு அவற்றின் செயல்பாடு குறித்த அறிக்கைகள் போன்றவை இதில் அடங்கும். மருத்துவமனைகள் ஒரு திட்டமிட்ட வரிசையில், குலுக்கல் முறையில் இதில் சேர்க்கப்பட்டன. 2018ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவில், மரணம் உள்ளிட்ட பெரும் பாதிப்புகள் 6.4 சதவீதத்திலிருந்து 5.3 சதவீதமாகக் குறைந்திருந்தன. ஆனால் காலப்போக்கில் இயல்பாகவே ஏற்பட்டு வந்த முன்னேற்றம் உள்ளிட்ட காரணிகளைச் சரிசெய்து பார்த்தபோது, அந்த வேறுபாடு புள்ளியியல் ரீதியாக உறுதிப்படவில்லை.

'வாயுப் பிடிப்பு' என்ற தாமதம்

சிகிச்சையின் முதல் பாதியில் ஏற்படும் தாமதத்திற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று தமிழ்க் குடும்பங்களுக்கு மிகவும் பழக்கமானது. நெஞ்சின் நடுவே அழுத்தமோ எரிச்சலோ தோன்றினால், அதை வாயுப் பிடிப்பு என்று எண்ணி, சோடா குடிப்பதும், ஓமத் தண்ணீரோ பெருங்காயம் கலந்த மோரோ கொடுத்துப் படுக்க வைப்பதும் இன்றும் நடப்பவை. இரவில் வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருப்பதும் வழக்கம். ஏப்பம் வந்ததும் வலி தணிந்தது போலத் தோன்றுவதால், இது மாரடைப்பு அல்ல என்ற தவறான உறுதியும் ஏற்பட்டுவிடுகிறது.

மாரடைப்பின் வலி எப்போதும் திரைப்படங்களில் காட்டப்படுவது போல் இருப்பதில்லை. நெஞ்சில் பாரம் ஏற்றியது போன்ற உணர்வு, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமின்றிக் கொட்டும் வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் ஆகியவை அதன் அறிகுறிகளாகும். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களிடமும், முதியவர்களிடமும், பெண்களிடமும் வலி தெளிவாக இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டுமே காணப்படலாம்.

தமிழ்நாட்டு ஆய்வில் இடம்பெற்ற நோயாளிகளில் பெண்கள் 16 சதவீதத்தினர் மட்டுமே. பெண்களுக்கு மாரடைப்பு பொதுவாக ஆண்களை விடப் பிந்திய வயதில் வருவது இதற்கு ஒரு காரணம். ஆயினும், பெண்களின் அறிகுறிகளைக் குடும்பத்தினரும் சில வேளைகளில் மருத்துவர்களும் உணரத் தவறுவதும், அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதில் காட்டப்படும் சுணக்கமும் உலகின் பல பகுதிகளில் பதிவு செய்யப்பட்டுள்ளன.

அறிகுறி தோன்றிய நேரத்திற்கும் முதல் மருந்துக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கும் நோக்கில், தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மருந்துகளின் தொடக்க அளவை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருந்து, மாரடைப்பு அறிகுறிகளுடன் வருவோருக்குக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது இதன் நோக்கம். இம்மாத்திரைகள் குழாயைத் திறப்பதற்கு மாற்று அல்ல. இரத்தக் கட்டி மேலும் வளராமல் தடுக்க உதவுபவை.

எல்லைகளுக்கு அப்பால்

தமிழ்நாட்டின் அனுபவம் தமிழர்கள் வாழும் பிற நாடுகளுக்கு அப்படியே பொருந்துமா என்ற கேள்வி எழுகிறது. இலங்கையில் சுகாதார சேவை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அங்கு 2016ஆம் ஆண்டு இந்திய உதவியுடன் மேற்கு, தெற்கு மாகாணங்களில் தொடங்கிய 1990 'சுவசெரிய' ஆம்புலன்ஸ் சேவை, 2018ஆம் ஆண்டு முதல் வடக்கிற்கும் பிற மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வலைப்பின்னலுக்குத் தேவையான அடிப்படைகளில் ஒன்று அங்கு உருவாகியுள்ளது என்று இதைக் கூறலாம்.

மியன்மாரின் நிலை வேறுபட்டது. பிரிட்டிஷார் காலத்தில் துறைமுகப் பணிக்கும் வணிகத்திற்கும் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் யாங்கோன் நகரில் வாழ்கின்றனர். நகரின் மத்திய ரயில் நிலையம் அமைந்திருக்கும் மிங்கலா தாங்ஞுன்ட் போன்ற பகுதிகளில் வசிப்போருக்கு, நகரின் பெரிய அரசு மருத்துவமனை சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் சிற்றூர்வாசியை வருத்தும் தூரம் இங்கு ஒரு பிரச்சினை அல்ல.

ஆனால் தூரம் குறைவாக இருப்பது மட்டும் போதாது என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் காட்டுகின்றன. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அதை எதிர்த்து முதலில் பணியைப் புறக்கணித்தவர்களில் அரசு மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தனர். அவர்களில் பலர் பின்னர் கைது செய்யப்பட்டனர் அல்லது தலைமறைவாயினர். அரசு மருத்துவமனைகளின் சேவை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வசதி உள்ளோர் தனியார் மருத்துவமனைகளை நாடினர். மற்றவர்கள் அறக்கொடை அமைப்புகளின் மருத்துவ நிலையங்களையும் அவை இயக்கும் ஆம்புலன்ஸ்களையும் பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டு ஆய்வில் உயிர்களைக் காத்தது ஒரு தொடர் ஏற்பாடு. இ.சி.ஜி.யைப் பார்ப்பதற்கு ஒரு நிபுணர், மருந்தைச் செலுத்த ஒரு மருத்துவர், ஏற்றிச்செல்ல ஒரு வாகனம், செலவை ஏற்க ஒரு காப்பீடு என்று அந்தத் தொடரின் ஒவ்வொரு கண்ணியும் பொது நிர்வாகத்தைச் சார்ந்தது. நிர்வாகம் சீர்குலையும் இடத்தில் பலூனும் ஸ்டென்ட்டும் இருந்தும் பயன் குறைகிறது.

எஞ்சியிருக்கும் பணி

மாரடைப்பைத் தடுப்பதற்கான வழிகளும் மறைவானவை அல்ல. புகைபிடித்தல், இரத்தத்தில் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனிகள் குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மதுப்பழக்கம் ஆகியவற்றோடு தொடர்புடைய ஒன்பது காரணிகளே உலகெங்கும் மாரடைப்புக்கான ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொறுப்பு என்று 2004ஆம் ஆண்டு வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு கண்டது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமான மருந்துகளை வீடுகளுக்கே கொண்டு சேர்க்க முயல்கிறது.

ஆயினும் தடுப்பு முயற்சிகள் பலன் தருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை மாரடைப்புகள் நிகழ்ந்துகொண்டே இருக்கும். மருத்துவமனைகளுக்கு இடையிலான இடைவெளியை ஓர் அரசு முயன்றால் குறைக்க முடியும் என்பதைத் தமிழ்நாட்டு ஆய்வு காட்டியிருக்கிறது. வீட்டிற்கும் முதல் மருத்துவமனைக்கும் இடையில் இழக்கப்படும் நேரம் அந்த ஆய்வுக்குப் பின்னரும் பெருமளவு அப்படியே இருக்கிறது. நெஞ்சு வலி வந்தவருக்கு முதலில் தேவை ஓர் இ.சி.ஜி. என்பதைக் குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தினரும் அறிந்திருந்து, விடியும் வரை காத்திராமல் புறப்படும்போதுதான் அந்த நேரம் குறையும்.